சொட்டு விழும் இடம்

வண்டிக்கு ஆயில் மாற்றிய மறுநாள் காலை, வாசல் சிமென்ட் தரையில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு இருந்தது. பழைய செய்தித்தாளால் துடைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அதற்கு மறுநாள் இரண்டு பொட்டுகள். குனிந்து பார்த்தேன். எஞ்சினுக்கு அடியில், பழைய ஆயிலை இறக்குவதற்காகத் திறக்கும் டிரெய்ன் போல்ட்டின் தலையில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் முன்பு அந்த போல்ட்டைத் திறந்து மூடியது யார் என்று எனக்குத் தெரியும். இதற்கு மேல் என்ன விசாரணை வேண்டும் என்று நினைத்தேன்.

நெமிலிச்சேரியிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அந்த வண்டியில்தான் தினமும் போய்வருகிறேன். ரயில் இருக்கிறது. ஆனால் எங்கள் ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கும் ரயில் வரும் நேரத்துக்கும் ஒத்துவராது. பட்டாபிராம், இந்துக் கல்லூரி, ஆவடி என்று சி.டி.எச். சாலையில் போக வர முப்பது கிலோமீட்டருக்கு மேல். வண்டிக்குப் பதினொரு வயது. வெளிவட்டச் சாலை மேலே கடந்துபோகும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, தகரக் கூரை போட்ட ஒரு மெக்கானிக் கடை உண்டு. கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். எல்லோருக்கும் அவர் அண்ணன். கூட ஒரு பையன். ஐடிஐ முடித்துவிட்டு வந்தவன். ஆயில் மாற்றியது அவன்தான்.

கடையில் அப்போது மூன்று பேர் காத்திருந்தார்கள். வண்டியை ஸ்டாண்ட் போட்ட வேகத்திலேயே கேட்டேன். “முந்தாநாள்தான் ஆயில் மாத்துனீங்க. அதுவரைக்கும் ஒரு சொட்டு ஒழுகல. இப்ப பாருங்க.”

அண்ணன் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டு, தேய்த்துப் பார்த்தார். “வண்டிய வுட்டுட்டுப் போங்க தம்பி. கழுவிப் பாத்தாதான் எங்கேருந்து வருதுன்னு சொல்ல முடியும்.”

“போல்ட்டுலதான் சொட்டு நிக்குதே அண்ணா. இதுல கழுவிப் பாக்க என்ன இருக்கு? ஒழுங்கா டைட் பண்ணல, அவ்ளோதான்.”

காத்திருந்த மூவரில் ஒருவர், “சரிண்ணா, நான் அப்புறம் வரேன்” என்று ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனார். அண்ணன் அவர் போவதைப் பார்த்தார். பிறகு திரும்பிப் பையனைப் பார்த்தார்.

“டேய், வாஷர் மாத்துனியா?”

“மாத்துனேண்ணா.”

“மாத்துனா ஏன்டா ஒழுகுது? நாளைலேர்ந்து நீ எஞ்சின் பக்கம் வராத. பஞ்சர் பாரு, போதும்.”

‘கழுவிப் பார்த்தால்தான் தெரியும்’ என்று சொன்ன அதே மனிதர்தான் கழுவிப் பார்க்காமல் இதைச் சொன்னார். அவர்மேல் நான் வைத்த பழி அரை நிமிடம்கூட அவரிடம் தங்கவில்லை. நேராகப் பையனிடம் இறங்கிவிட்டது. பையனுக்குக் கீழே யாரும் இல்லை.

*

முதலில் என் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அது முழுக்க அபத்தம் இல்லை.

ஆயில் மாற்றியபின் ஆயில் ஒழுகினால், மாற்றியவரைச் சந்தேகிக்க நல்ல காரணங்கள் உண்டு. டிரெய்ன் போல்ட்டுக்கு அடியில் செம்பிலோ அலுமினியத்திலோ ஒரு வாஷர் இருக்கும். போல்ட்டை இறுக்கும்போது அது கொஞ்சம் நசுங்கி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். ஒருமுறை நசுங்கியதையே மறுபடி போட்டால் சரியாக அடைக்காமல் போகலாம். இறுக்கம் குறைந்தால் கசியும். கூடினால் இன்னும் மோசம். எஞ்சின் அடிப்பாகம் அலுமினியம், போல்ட் இரும்பு. பலம் போட்டுத் திருகினால் மரை போய்விடும். கார்களில் ஆயில் ஃபில்டரைக் கழற்றும்போது அதன் பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். கவனிக்காமல் புது ஃபில்டரைப் பூட்டினால் வளையத்தின் மேல் வளையம் உட்கார்ந்து, எஞ்சின் ஓடி அழுத்தம் ஏறியதும் பிய்த்துக்கொண்டு ஊற்றும். அளவுக்கு மேல் ஆயில் விட்டால், எஞ்சின் மூச்சு விடும் குழாய் வழியாக அது ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் போய், அங்கிருந்து சொட்டும்.

இவை எல்லாமே கடைசியாகக் கை வைத்தவரின் தவறுகள். ஆகவே என் சந்தேகம் தவறு இல்லை. விசாரணையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அனுபவமுள்ள எந்த மெக்கானிக்கும் அப்படித்தான் தொடங்குவார்.

ஆனால் இந்தப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பட்டியல் இருக்கிறது. ஆயில் ஊற்றும்போது சிந்தியது எஞ்சின் மடிப்புகளில் தங்கி இரண்டு நாள் சொட்டலாம். அது லீக்கே இல்லை. வருடக்கணக்கில் சேர்ந்த அழுக்கும் மண்ணும் கசியும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்து, சர்வீஸில் கழுவியதும் திறந்துகொள்ளலாம். கெட்டிப்பட்ட பழைய ஆயில் போக முடியாத சந்தில் புது ஆயில் நுழைந்து வெளியே வரலாம். ஆயில் அளவு குறைந்து கிடந்தவரை கசியாமல் இருந்த இடம், சரியான அளவுக்கு விட்டதும் கசியத் தொடங்கலாம். இவற்றிலும் சர்வீஸுக்குப் ‘பிறகு’தான் லீக் தெரிகிறது. சர்வீஸ் செய்தவர் எதையும் கெடுக்கவில்லை. கெட்டிருந்தது கண்ணில் படும்படி ஆயிற்று, அவ்வளவுதான்.

‘காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது’ என்று நம் ஊரில் சர்வ சாதாரணமாகச் சொல்வோம். வடமொழியிலும் இதே காக்கையும் பனையும் ‘காகதாலீய நியாயம்’ என்று உண்டு. நியாய தத்துவக்காரர்கள் இதை இன்னும் கறாராகப் பிரித்தார்கள். ஒன்றைக் காரணம் என்று சொல்ல, அது காரியத்துக்கு முன்னால் இருந்தால் மட்டும் போதாது. முன்னால் இருந்தும் காரணம் ஆகாதவற்றுக்கு ‘அந்யதாசித்தம்’ என்று பெயர் வைத்தார்கள். பானைதான் அவர்கள் வழக்கமாகச் சொல்லும் உதாரணம். குயவன் காரணம். சக்கரத்தைச் சுற்றும் கோலும் காரணம். ஆனால் அந்தக் கோலின் நிறம், குயவனின் தகப்பன், மண் சுமந்து வந்த கழுதை எல்லாம் பானைக்கு முன்பே இருந்தவை என்றாலும் பானைக்குக் காரணங்கள் அல்ல.

பனம்பழ விஷயத்தில் தப்பாகத் தீர்ப்பு சொன்னால் காக்கைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அது பறந்து போய்விடும். மனிதன் அப்படிப் பறந்துபோக முடியாது.

*

ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கடையில் விட்டேன். கூடவே நின்றேன். உண்மையைச் சொன்னால், மறுபடி ஏமாற்றிவிடக் கூடாது என்று கண்காணிக்கத்தான் நின்றேன். பையன் அன்று கடையில் இல்லை. ஞாயிறு என்பதால் லீவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் முதலில் ஆயில் அளவைப் பார்த்தார். வண்டியை நேராக நிறுத்தி, ஸ்டிக்கைத் துடைத்து விட்டு எடுத்தார். இரண்டு கோடுகளுக்கு நடுவில் சரியாக இருந்தது. பிறகு டிரெய்ன் போல்ட்டில் ஸ்பானரை வைத்து லேசாக அசைத்தார். அசையவில்லை. என்னையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அசையவில்லை.

அடுத்தது கழுவல். டீசலை பிரஷில் தொட்டு எஞ்சினின் அடியையும் பக்கங்களையும் தேய்த்து, காற்று அடித்து, துணியால் துடைத்துக் காயவைத்தார். பெட்டிக்கடையில் வாங்கிவைத்திருந்த முகப்பவுடரைக் கையில் கொட்டி எஞ்சின் முழுக்க ஊதினார். கறுத்த எஞ்சின் விபூதி பூசியதுபோல வெளுத்துவிட்டது. “ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க. வேகமா போவாதீங்க. காத்துல ஆயில் பின்னால பறந்துச்சுன்னா மறுபடி குழப்பம்.”

பத்து நிமிடம் கழித்துத் திரும்பினேன். அண்ணன் டார்ச் அடித்தார். பவுடர் வெள்ளையில் ஈரம் ஒரு கோடாகத் தெரிந்தது. கோடு முடியும் இடம் டிரெய்ன் போல்ட். தொடங்கும் இடம் வேறு. எஞ்சினின் இடது பக்கம், செயினை இழுக்கும் சின்ன பல்சக்கரத்தை மூடியிருக்கும் கவருக்குள்ளிருந்து அது வந்தது. கவரைக் கழற்றினார். கியர் ஷாஃப்ட் வெளியே வரும் துளையைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் உண்டு. அதன் உதடு தேய்ந்து, காய்ந்து, ஒரு பக்கம் வாயைத் திறந்திருந்தது. கவரின் உட்புறம், தண்ணீர் எட்டாத மூலையில், செயின் கிரீஸும் மண்ணும் ஆயிலும் சேர்ந்து களிபோல ஒரு விரல் கனத்துக்கு அப்பிக் கிடந்தது.

“இது ரெண்டு நாள்ல சேர்ற அழுக்கா தம்பி?” என்றார்.

இல்லை. பல மாத அழுக்கு. இத்தனை நாளும் கசிந்த ஆயிலை அந்தக் களி ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. மிச்சத்தைச் செயின் வாரி இறைத்திருக்கிறது. ஆயில் மாற்றிய அன்று வாட்டர் வாஷும் செய்திருந்தேன். முன்னாலிருந்த களி அடித்துக்கொண்டு போய்விட்டது. தடுப்பு போனதும் ஆயில் எஞ்சினின் அடி வழியாக வழிந்து, இருப்பதிலேயே தாழ்ந்த இடமான போல்ட் தலையில் வந்து நின்றிருக்கிறது.

மெக்கானிக்குகளுக்கு இது பாலபாடம். சொட்டு விழும் இடம் கசியும் இடம் அல்ல. ஆயில் கீழே வழியும், வண்டி ஓடினால் பின்னால் போகும். ஆகவே ஈரம் இருக்கும் இடங்களிலேயே மிக உயரமான, மிக முன்னால் இருக்கும் இடத்தைத் தேட வேண்டும். அங்கிருந்துதான் அது புறப்பட்டிருக்கும்.

*

மணிமேகலையில் இதற்கு ஒரு இடம் இருக்கிறது. சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதையில், அறிவுக்கு வழிகள் எவை என்று பேசும்போது, கண்ணுக்குத் தெரியும் விளைவிலிருந்து தெரியாத காரணத்துக்குப் போகும் அனுமானம் வருகிறது. ஆற்றில் வெள்ளம் வருகிறது, ஆகவே மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது. நியாய நூல்களின் உதாரணமும் இதுவே. நான் நிற்கும் இடத்தில் மழை இல்லை. தண்ணீர் மட்டும் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டும்.

நியாய சூத்திரத்தில் இதற்கு ஒரு எதிர்வாதமும் பதிவாகியிருக்கிறது. ஆறு பெருகுவது மழையால்தான் என்று எப்படிச் சொல்வாய்? கீழே யாராவது அடைத்திருந்தாலும் தண்ணீர் ஏறுமே? இதற்கு உரைகாரர் வாத்ஸ்யாயனர் வழியாக வரும் பதில் எனக்குப் பிடித்தது. வெறுமனே தண்ணீர் ஏறியிருப்பதை வைத்து யாரும் மழை என்று சொல்வதில்லை. வேகம் இருக்கிறதா, நுரை இருக்கிறதா, இலையும் காயும் கட்டையும் அடித்துக்கொண்டு வருகிறதா என்று பார்த்துத்தான் சொல்கிறோம். அனுமானம் தவறியது என்றால் தவறு அனுமானத்தின்மேல் இல்லை. சரியாகப் பார்க்காதவர்மேல்.

என் வாசலில் விழுந்த பொட்டு கறுப்பாக இருந்தது. புது ஆயில் தேன் நிறத்தில் இருக்கும். டப்பாவிலிருந்து ஊற்றும்போது நானே பார்த்தேன். இரண்டு நாள் ஓடியதில் கொஞ்சம் பழுப்பாகும். போல்ட் இடுக்கிலிருந்து நேராகச் சொட்டியிருந்தால் அந்தப் பழுப்புத்தான் தரையில் இருந்திருக்கும். கறுப்பு வந்தது பழைய அழுக்கின் வழியாக வந்ததால். அந்தச் சொட்டு, வெள்ளம் இலைதழையைக் கொண்டுவருவதுபோல, தான் வந்த வழியைக் கொண்டுதான் வந்திருந்தது. அண்ணன் முதல் நாள் விரலில் தேய்த்துப் பார்த்தது அதைத்தான். நான் செய்தித்தாளால் துடைத்துப் போட்டது சாட்சியை.

இன்னொன்றும் இருந்தது. ஆயில் மாற்றிய அன்று பழைய ஆயிலைத் தட்டில் பிடித்துவிட்டுப் பையன் சொன்னான். “அண்ணா, ஆயில் ரொம்ப கம்மியா இருந்துச்சு. ஒரு லிட்டர் இருக்க வேண்டியது, அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலதான் வந்துச்சு. எங்கனா போவுதான்னு பாருங்க.” எனக்குப் புது வேலை எதையாவது தலையில் கட்டப்பார்க்கிறான் என்று நினைத்து, “சரி சரி, போட்டு முடி” என்றேன். பதினோரு மாதம், ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஆயில் மாற்றாமல் ஓட்டியவன் நான். அந்தப் பதினோரு மாதத்தில் ஒருநாள்கூட ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கவில்லை. எரிந்தது பாதி, கசிந்தது பாதியாக இருக்கலாம். எப்படியும் ஈரத்தின் கோட்டைப் பிடித்து மேலே போனால், சீலுக்கு மேலே, வண்டி சீட்டில் உட்கார்ந்திருப்பவன் நான்தான்.

*

கடைசியாக வந்தவர்மேல் பழி போடுவது மெக்கானிக் கடையில் நாம் கற்றுக்கொண்டது அல்ல. வீட்டிலேயே கற்றுக்கொள்கிறோம்.

எங்கள் சித்தி கல்யாணமாகி வந்த நாற்பதாம் நாள் தாத்தா இறந்துபோனார். தாத்தா நாற்பது வருடம் பீடி பிடித்தவர். நெஞ்சு வலிக்கிறது என்று அதற்கு முந்தின வருடமே இரண்டு முறை ஆஸ்பத்திரி போய் வந்தவர். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ‘அவ வந்த நேரம்’ என்ற சொல் எங்கள் வீட்டில் இருபது வருடத்துக்கு மேல் புழங்கியது. யாரும் சண்டை போட்டுச் சொன்னதில்லை. பேச்சோடு பேச்சாக, பெருமூச்சோடு வரும். சித்தி அடுப்படியில் இருக்கும்போது கூடத்தில் வரும். சின்ன வயதில் நானும் அதை ஒரு தகவலைப்போலக் கேட்டு வளர்ந்தேன். தாத்தா இறந்தது எப்படி? சித்தி வந்த நேரத்தில்.

இதை மூடநம்பிக்கை என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வீட்டுக்கு அந்த வருடம் புதிதாக வந்தவை பல. ஒரு டி.வி. வந்தது, ஒரு மாடு வந்தது, கடன் வந்தது. பழி விழுந்தது சித்தியின்மேல் மட்டும். ஏனென்றால் அந்த வீட்டில் எதிர்த்துப் பேச இடம் இல்லாத ஒரே ஆள் அவர். நகை காணவில்லை என்றால் வீட்டு வேலைக்கு வருபவரைக் கேட்பதும், கணக்கு இடித்தால் புதிதாகச் சேர்ந்தவரைக் கூப்பிடுவதும் இதே கணக்குத்தான். ‘அதற்குப் பிறகு, ஆகவே அதனால்’ என்பதை ஒரு தர்க்கப் பிழை என்று பாடம் நடத்துகிறார்கள். தர்க்கப் பிழை என்றால் அது எல்லாப் பக்கமும் சமமாகத் தவற வேண்டும். இது எப்போதும் ஒரே பக்கம் தவறுகிறது. மேலே இருப்பவரை நோக்கி அது தவறுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. பழியும் ஆயில் மாதிரிதான். எங்கே கசிந்தாலும் கடைசியில் இருப்பதிலேயே தாழ்ந்த இடத்தில் வந்து தொங்கும். நாம் அங்கே விரல் வைத்து, இங்கேதான் ஒழுகுகிறது என்கிறோம்.

*

சரி, நிஜமாகவே கடைசியாகக் கை வைத்தவர்தான் தவறு செய்தார் என்றால்? அப்போது நான் கத்தியது சரியாகிவிடுமா? அப்படி ஒரு சம்பவம் உலகப் பிரசித்தம்.

1983 மே 5. அமெரிக்காவில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 855ஆம் எண் விமானம் மயாமியிலிருந்து பஹாமாஸில் உள்ள நாசாவுக்குக் கிளம்பியது. மூன்று எஞ்சின்கள் கொண்ட லாக்ஹீட் டிரைஸ்டார். பயணிகளும் ஊழியர்களுமாக 172 பேர். வழியில் நடு எஞ்சினில் ஆயில் அழுத்தம் இறங்கியது. அதை நிறுத்திவிட்டு மயாமிக்கே திரும்பினார்கள். சிறிது நேரத்தில் மற்ற இரண்டுக்கும் அதே கதி. இரண்டும் நின்றுபோயின. கடலுக்கு மேல் எஞ்சினே இல்லாமல் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. பயணிகள் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டார்கள். சுமார் நாலாயிரம் அடி உயரத்தில், முதலில் நிறுத்திவைத்த நடு எஞ்சினை மறுபடி ஓடவைத்து, அந்த ஒன்றைக் கொண்டே மயாமியில் இறக்கினார்கள். ஒருவருக்கும் காயம் இல்லை.

முந்தின இரவு பராமரிப்பில், மூன்று எஞ்சின்களிலும் சிப் டிடெக்டர் என்ற சின்ன பாகத்தை மாற்றியிருந்தார்கள். ஆயிலில் இரும்புத் துகள் கலந்தால் பிடித்து வைக்கும் காந்த முனை அது. அதைச் சுற்றி ரப்பர் வளையங்கள் இருக்க வேண்டும். மூன்றிலும் இல்லை. அந்தச் சந்து வழியாக மூன்று எஞ்சின்களின் ஆயிலும் வெளியே போய்விட்டது. ஆக, இங்கே காக்கை உட்கார்ந்ததால்தான் பனம்பழம் விழுந்தது. சர்வீஸுக்குப் பிறகு, சர்வீஸால்.

ஆனால் அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை மெக்கானிக்குகளோடு நிற்கவில்லை. அவர்களுக்கு வழக்கமாக அந்தப் பாகம் வளையம் மாட்டியபடியே தயாராகக் கிடைக்கும். அன்று இரவு அப்படித் தயாராக இல்லை. ஸ்டோரிலிருந்து வளையம் இல்லாமல் வந்ததை, வழக்கம்போல இருக்கும் என்று பார்க்காமல் பூட்டிவிட்டார்கள். பூட்டியபின் எஞ்சினைச் சில நொடிகள் சுழற்றிப் பார்த்தார்கள். அந்தச் சில நொடிகளில் லீக் தெரியவில்லை. செய்முறைத் தாளில் உள்ளபடி செய்யவில்லை என்பது அவர்கள் தவறு. வாரியம் அதைச் சொன்னது. அதற்கு மேலும் போனது. அப்படிச் செய்வதை மேற்பார்வையாளர்கள் தொடர்ந்து விட்டுவைத்திருந்தார்கள். இதே மாதிரி வளையம் இல்லாமல் ஆயில் போன சம்பவங்கள் அதே நிறுவனத்தில் முன்பே பலமுறை நடந்திருந்தன. நிர்வாகம் அவற்றின் தீவிரத்தை உணர்ந்து தடுக்கவில்லை. கண்காணிக்க வேண்டிய அரசு ஆய்வாளர்களும் உணரவில்லை. இவை அனைத்தையும் வாரியம் தன் முடிவில் எழுதிவைத்தது.

பவுடர் தூவிப் பார்ப்பது என்றால் இதுதான். கடைசிக் கை தவறு செய்திருந்தாலும் ஈரத்தின் கோடு அங்கே நிற்கிறதா, இன்னும் மேலே போகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த இரண்டு மெக்கானிக்குகளை மட்டும் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அடுத்த ஷிஃப்டில் வேறு இருவர் அதே வளையம் இல்லாத பாகத்தை வேறொரு விமானத்தில் பூட்டியிருப்பார்கள்.

*

ஆகவே என் தவறு என்ன? பல நாள் இதை ‘நான் தப்பாக நினைத்துவிட்டேன்’ என்றே எனக்குச் சொல்லிக்கொண்டேன். யாருக்கும் நடப்பதுதானே என்ற ஆறுதல் அதற்குள் இருக்கிறது.

1877இல் வில்லியம் கிளிஃபோர்டு என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழையது. பழுது பார்க்க வேண்டுமோ என்று அவருக்கே சந்தேகம். பார்த்தால் செலவு. இத்தனை பயணம் பத்திரமாகப் போய் வந்ததே என்று தன்னைத்தானே தேற்றி, சந்தேகத்தை அடக்கி, கப்பலை அனுப்பிவிடுகிறார். கப்பல் மூழ்கினால் அவர் குற்றவாளி. எல்லோரும் ஒப்புக்கொள்வோம். கிளிஃபோர்டு அடுத்து கேட்பதுதான் முக்கியம். கப்பல் மூழ்காமல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் அவர் நிரபராதி ஆகிவிடுவாரா? இல்லை என்கிறார். அந்த நம்பிக்கை சரியாகிப் போனதா தவறிப்போனதா என்பது கேள்வியே இல்லை. அதை வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இருந்ததா என்பதுதான் கேள்வி.

இதை என் வண்டிக்குப் பொருத்திப் பார்த்தேன். ஒருவேளை ஞாயிற்றுக்கிழமை அந்த போல்ட் உண்மையிலேயே தளர்வாக இருந்திருந்தால்? நான் சொன்னது உண்மையாகியிருக்கும். ஆனாலும் மூன்று பேர் முன்னால், கழுவிப் பார்க்கலாம் என்று ஒருவர் சொல்லும்போதே, ‘பார்க்க என்ன இருக்கிறது’ என்று கேட்க எனக்கு உரிமை இருந்திருக்காது. நான் தோற்றது அனுமானத்தில் அல்ல. பார்க்க மறுத்ததில்.

கிளிஃபோர்டோடு எனக்கு ஒரு இடத்தில் ஒத்துப்போகவில்லை. போதிய ஆதாரம் இல்லாமல் எதையும் எப்போதும் நம்பக்கூடாது என்று அவர் சொல்வதை வைத்துக்கொண்டு தெருவில் வாழ முடியாது. கியர் ஷாஃப்டில் ஒழுகும் ஆயில் பின் டயரில் பட்டால் வளைவில் வண்டி சறுக்கும். ஆதாரம் முழுதாகச் சேரும்வரை ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. சந்தேகப்பட்டே ஆக வேண்டும், வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும், கடைக்காரரிடம் போய்க் கேட்டே ஆக வேண்டும். ஆனால் ‘லீக் ஆகுது, என்னன்னு பாருங்க’ என்பதற்கும் ‘நீங்க ஒழுங்கா செய்யல’ என்பதற்கும் நடுவில் ஒரு கழுவல் இருக்கிறது. முதல் வாக்கியத்துக்குச் சொட்டு போதும். இரண்டாவது வாக்கியத்துக்குப் போதாது. மருத்துவர் நோயைப் பார்த்து, அதன் மூலத்தைப் பார்த்து, பிறகுதான் தணிக்கும் வழிக்கு வர வேண்டும் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வைத்த வரிசையும் அதுதான். நான் நோயிலிருந்து நேராகத் தண்டனைக்குப் போய்விட்டேன்.

*

சீல் விலை நூறு ரூபாய்க்குள். அண்ணன் மாற்றிக் கொடுத்தார். கூலியை அவர் கேட்டதற்கு மேல் கொடுத்தேன். கேட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். “தப்பு என்மேலதாண்ணா, அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது” என்றேன். “வுடுங்க தம்பி, கடைன்னு வெச்சா நாலு பேரு நாலு விதமாத்தான் பேசுவாங்க” என்றார். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனவரிடம் இதை யார் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை. எஞ்சினைக் கழுவுகிற டீசலுக்கு அந்த வேலை தெரியாது.

பையன் ஞாயிறு லீவில் போகவில்லை. அந்த வாரமே நின்றுவிட்டானாம். “பஞ்சர் பாருன்னு கோவத்துல சொன்னேன். மறுநாள்லேர்ந்து வரல” என்றார் அண்ணன், ஸ்பானர்களை எண்ணி டப்பாவில் போட்டுக்கொண்டே.

வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோட்டில், லாரிகளுக்கு டயர் மாற்றும் ஒரு கடையில் இரண்டு வாரம் கழித்து அவனைப் பார்த்தேன். தேடித்தான் போனேன். பெரிய டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான். என்னை அடையாளம் தெரிந்துகொள்ள அவனுக்கு ஒரு நொடி ஆனது. தயாரித்துக்கொண்டு போன வாக்கியம் எதுவும் எனக்கு வரவில்லை. “போல்ட் இல்ல தம்பி. கியர் ஷாஃப்ட் சீலு” என்றேன்.

டயரைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். “அன்னைக்கே சொன்னேன்லண்ணா, ஆயில் கம்மியா இருந்துச்சுன்னு.”

“சொன்ன. நான்தான் கேக்கல. அண்ணன் உன்ன வரச் சொன்னாரு.”

அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. ரோட்டில் நிறுத்தியிருந்த என் வண்டியைப் பார்த்தான். கொஞ்சம் குனிந்து அதன் அடியைப் பார்த்தான்.

“இப்ப ஒழுகல இல்ல?”

“இல்ல.”

“பின் டயர நல்லா தொடச்சுட்டீங்களா? ஆயில் இருந்துச்சுன்னா பிரேக் புடிக்காது.”

துடைத்திருக்கவில்லை. அவனே ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்தான்.